ஒரு பாட்டு, எட்டு டிராக்: வாத்தியங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்வது

வீட்டில் நடந்த சிறு கச்சேரியை அலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் போட்டுக் கேட்டவர்களுக்கு ஒரு மனக்குறை மிஞ்சும். அலைபேசியைப் பாடகர் முன்னால் வைத்திருந்தால் வயலின் அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் கேட்கும். நடுக்கூடத்தில் வைத்திருந்தால் மிருதங்கம் பாட்டை மூடியிருக்கும். கடம் இருந்ததா என்றே சந்தேகம் வரும். வயலினை மட்டும் சற்று உயர்த்தலாம் என்று ஒலியைக் கூட்டினால், எல்லாம் சேர்ந்தே கூடும்.

நெய்து முடித்த சேலையிலிருந்து அரக்கு நூலை மட்டும் உருவி எடுக்க முடியாது. காற்றில் கலந்து ஒரே மைக்குக்குள் நுழைந்துவிட்ட ஒலியும் அப்படித்தான். கலந்த ஒலியைப் பிரிக்கும் மென்பொருள்கள் இன்று வந்திருக்கின்றன. பழைய பதிவுகளை மீட்பதற்கு அவை நல்ல துணை. ஆனாலும் பிரித்தெடுத்த வயலினில் குரலின் சாயல் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. புதிதாகப் பதிவு செய்யப்போகிறோம் என்றால், நெய்வதற்கு முன்பே நூல்களைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. மல்டிடிராக் ரெக்கார்டர் என்ற கருவி அதற்காகவே இருக்கிறது.

தறியில் பாவு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நூற்றுக்கணக்கான நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஆனால் தறி நகரும்போது எல்லா நூலும் ஒரே அளவு நகரும். ஒன்று முந்தாது, ஒன்று பிந்தாது. டிராக் என்பது அப்படி ஒரு நூல். குரல் ஒரு டிராக்கில், வயலின் ஒரு டிராக்கில், மிருதங்கம் ஒன்றிலோ இரண்டிலோ. எந்த ஒலியும் இன்னொன்றோடு சேராது. ஆனால் எல்லாம் ஒரே காலத்தில் ஓடும். ஒலிகளைப் பிரித்து வைப்பது, காலத்தைச் சேர்த்து வைப்பது: இந்த இரண்டு வேலைகளையும் மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தக் கருவியின் எல்லாப் பொத்தான்களும் ஏன் இருக்கின்றன என்பது தானாகவே விளங்கிவிடும்.

காலத்தைச் சேர்த்த கதை

இரண்டில் கடினமானது காலத்தைச் சேர்ப்பதுதான். அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940களின் இறுதியில் இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டே தன் கிட்டாரைத் தானே பலமுறை அடுக்கிப் பதிவு செய்தார். ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து வாசித்து, இரண்டையும் கலந்து அடுத்த தட்டில் பதிவார். ஏழாவது அடுக்கில் ஒரு தவறு வந்தால் முந்தைய ஆறும் வீண். ஒவ்வொரு அடுக்குக்கும் இரைச்சலும் கூடும்.

ஒலிநாடா வந்த பிறகு, நாடாவின் அகலத்தில் பல கோடுகளாகப் பதியலாம் என்ற வழி பிறந்தது. அங்கே ஒரு சிக்கல். நாடா முதலில் பதியும் முனையைக் கடந்து, பிறகு ஒலிக்கும் முனைக்குப் போகிறது. பழைய டிராக்கை ஒலிக்கும் முனையில் கேட்டுக்கொண்டே புதியதைப் பதிந்தால், அந்த இரு முனைகளின் இடைவெளி அளவுக்குப் புதிய ஒலி பின்தங்கிவிடும். 1950களின் நடுவில் ஆம்பெக்ஸ் நிறுவனப் பொறியாளர்கள், பதியும் முனையையே பழைய டிராக்குகளுக்கு ஒலிக்கும் முனையாகவும் பயன்படுத்தி இந்தப் பின்னடைவைப் போக்கினார்கள். 1957இல் லெஸ் பாலின் வீட்டுக்கு எட்டு டிராக் நாடா இயந்திரம் வந்து சேர்ந்தது. இன்று நாம் எஸ்டி கார்டில் பதியும்போது பழையதும் புதியதும் ஒன்றாய் நிற்கின்றன அல்லவா, அதன் மூலவேர் இங்கே இருக்கிறது.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் நெடுங்காலம் வாத்தியக் குழுவும் பாடகர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில் வாசித்துப் பாடித்தான் பாட்டை முடித்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் தவறினாலும் எல்லோரும் பல்லவியிலிருந்து தொடங்க வேண்டும். பல டிராக் முறை வந்த பின்புதான் பாடகர் ஒருநாளும் வயலின் குழு மறுநாளும் வர முடிந்தது. முதன்மைப் பாடகர் வரும்வரை இன்னொருவர் பாடி வைப்பதை ‘டிராக் பாடுவது’ என்கிறோமே, அந்தச் சொல்லும் இங்கிருந்து வந்ததே.

இந்த வசதி வீட்டுக்குள் வந்தது 1979இல், டாஸ்காம் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோவை வெளியிட்டபோது. அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் தன் குழுவுக்கு மாதிரி காட்டுவதற்காக நியூஜெர்சி வீட்டில் அப்படி ஒரு கருவியில் பதிந்த பாடல்கள், 1982இல் அப்படியே இசைத்தொகுப்பாக வெளிவந்தன. 1990களில் வீடியோ நாடாவில் எட்டு டிராக் பதியும் டிஜிட்டல் கருவியும், பிறகு வன்தட்டில் பதியும் கருவிகளும் வந்தன. இப்போது மெமரி கார்டு.

எத்தனை டிராக், எத்தனை வாசல்

கடையில் பெட்டியின் மேல் ‘8 டிராக்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து, எட்டு மைக்கை ஒரே நேரத்தில் இணைக்கலாம் என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் அப்படி இருக்காது. டாஸ்காமின் டிபி-008இஎக்ஸ் கருவியில் எட்டு டிராக் உண்டு, ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு மட்டுமே பதியும். ஸூம் நிறுவனத்தின் ஆர்16 கருவியில் பதினாறு டிராக், ஒரே நேரத்தில் எட்டு பதியும். டிராக் என்பது உள்ளே இருக்கும் அறை; உள்ளீடு என்பது வாசல். எட்டு அறை இருந்தாலும் வாசல் இரண்டு என்றால் இரண்டு இரண்டு பேராகத்தான் உள்ளே அனுப்ப வேண்டும்.

தனியாக ஒவ்வொரு வாத்தியமாகப் பதியப்போகிறவருக்கு இரண்டு வாசல் போதும். நான்கு பேர் சேர்ந்து வாசிப்பதைப் பதிய விரும்புகிறவருக்குக் குறைந்தது ஆறு வாசலாவது வேண்டும், ஏனென்றால் மிருதங்கம் ஒன்றே இரண்டைக் கேட்கலாம். வாங்குவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொண்டால் பணம் வீணாகாது.

மடிக்கணினியும் மென்பொருளும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கணினிக்குள் ஒலி போய்த் திரும்பி ஹெட்ஃபோனுக்கு வரச் சிறிது நேரம் ஆகும். அந்தத் தாமதத்தைக் குறைக்க அமைப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். தனிக் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய திரையும் அறிவிப்புகளும் இல்லாத கருவியின் முன்னால் கலைஞர்கள் நிம்மதியாக வாசிப்பதையும் நான் கவனித்திருக்கிறேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் ரெக்கார்டரையே பரிந்துரைப்பேன்.

சேர்ந்து வாசிப்பதா, ஒருவர் பின் ஒருவரா

மல்டிடிராக்கில் இரண்டு வழிகள் உண்டு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க, ஆளுக்கொரு மைக் வைத்துத் தனித்தனி டிராக்கில் பதிவது ஒன்று. முதலில் ஒருவர் வாசித்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே அடுத்தவர் வாசித்து, அடுக்கடுக்காகக் கட்டுவது இன்னொன்று. பின்னதை ஓவர்டப் என்பார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இசையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும், வசதியைக் கொண்டு அல்ல. அந்த நேரத்துக் கற்பனையில் விரித்துப் பாடும் நிரவலும் கற்பனை ஸ்வரமும் உள்ள கச்சேரியை ஓவர்டப் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாடகர் ஒரு சங்கதியைப் போட்டதும் வயலின்காரர் அதைப் பிடித்துத் திருப்பித் தருகிறார். அதைக் கேட்டுப் பாடகர் அடுத்ததை மாற்றுகிறார். முடிப்பாக வரும் தாளக் கணக்கான கோர்வை எங்கே வந்து விழப்போகிறது என்பதை மிருதங்கக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே ஊகிக்கிறார். முன்பே பதிந்து முடிந்த குரலோடு மிருதங்கம் வாசிக்கிறவருக்கு அந்த ஊகமும் இல்லை, பதிலும் இல்லை. சுத்தமாக வாசித்திருப்பார், உயிர் இருக்காது. அத்தகைய இசைக்கு எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரு மைக்குக்குள் இன்னொரு வாத்தியம் கசிவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பஜனைப் பாட்டு, நீங்களே மெட்டமைத்த பாடல், மெல்லிசை, பள்ளிக்கூட விழாவுக்கான பாட்டு என்றால் கதை வேறு. எந்த இடத்தில் என்ன வரும் என்பது முன்பே முடிவானது. ஒருவரே வீணையும் வயலினும் வாசிப்பவராக இருந்தால் ஓவர்டப் அவருக்குக் கிடைத்த வரம்.

முதல் டிராக்

ஓவர்டப் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது முதல் டிராக்கில்தான். வீட்டுக்கு அஸ்திவாரம் போலத்தான் இது. முதலில் பதிவதில் சுருதியோ காலப்பிரமாணமோ பிசகினால், அதன்மேல் வரும் எல்லாம் அந்தப் பிசகுக்கு ஏற்றபடியே சாய வேண்டும்.

திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் முதன்முதலாக ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது, என் சகோதரி ஐந்து கட்டை சுருதியில் பாடினார். தம்புரா அலைபேசிச் செயலியில் ஓடியது. அதைத் தனி டிராக்கில் பதியத் தோன்றவில்லை. அடுத்த வாரம் மிருதங்கம் வாசிக்க வந்த நண்பர் தன் சுருதிப் பெட்டியில் ஐந்து கட்டை வைத்து, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையைத் தட்டித் தட்டி அழகாகச் சேர்த்துக்கொண்டார். இரண்டும் ஐந்து கட்டைதான். ஆனால் நுண்சுருதித் திருகு இரண்டிலும் ஒரே இடத்தில் இல்லை. பதிந்து முடித்துக் கேட்டபோது ஒவ்வொரு ‘தீம்’ சொல்லும் குரலோடு உரசியது. மிருதங்கம் முழுவதையும் திரும்ப வாசிக்க வேண்டியதாயிற்று. அந்த நண்பரின் ஒரு மாலை வீணானது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அன்றுமுதல் முதல் டிராக் தம்புராவுக்குத்தான். பாட்டு நீளம் முழுவதற்கும் தம்புராவைப் பதிந்துவிட்டு, பிறகு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பதிவைக் கேட்டே சுருதி சேர்க்க வேண்டும். வேறு பெட்டி, வேறு செயலி எதையும் அறைக்குள் திறப்பதில்லை. இறுதிக் கலவையில் அந்தத் தம்புராவை வைத்துக்கொள்வதா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது டிராக்கில் தாளம். கருவிக்குள்ளேயே மெட்ரோனோம் இருக்கும். அது தரும் டிக் ஒலி ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்துக்கும் பொருந்தும். ஆனால் டிக் ஒலி மட்டும் போதாது. பாட்டு தொடங்குமுன் இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) கையால் தாளம் போட்டு, வாயால் எண்ணி, அதையும் பதிந்து வையுங்கள். நம் பாடல்கள் பலவும் தாளத்தின் தொடக்க அடியான சமத்தில் தொடங்குவதில்லை. அரை அட்சரமோ ஒன்றரை அட்சரமோ தள்ளி எடுப்பு, அதாவது பாட்டின் தொடக்கம், வரும். எண்ணிக்கை இல்லாமல், இப்படிச் சமம் தாண்டி அனாகத எடுப்பில் தொடங்கும் குரலை மட்டும் கேட்கிற மிருதங்கக்காரர், சமம் எங்கே என்று தேடி முதல் ஆவர்த்தனம் முழுவதையும் இழந்துவிடுவார்.

மூன்றாவதாக வழிகாட்டிக் குரல். அழகாகப் பாட வேண்டியதில்லை. இடங்கள் சரியாக வந்தால் போதும். அதைக் கேட்டுக்கொண்டு மிருதங்கமும் வயலினும் வாசிக்கும். எல்லாம் முடிந்த பிறகு, முழு வாத்தியக் கட்டும் காதில் ஒலிக்கப் பாடகர் மறுபடி நிதானமாகப் பாடுவார். வழிகாட்டிக் குரலை அப்போது அழித்துவிடலாம். பக்கவாத்தியம் காதில் நிறைந்திருக்கும்போது பாடகரின் குரல் எவ்வளவு தைரியமாக வருகிறது என்பதை ஒருமுறை அனுபவித்தவர்கள் இந்த வரிசையை மாற்ற மாட்டார்கள்.

பிரிப்பது மைக்கின் வேலை

ஒவ்வொன்றுக்கும் தனி டிராக் ஒதுக்கிவிட்டால் ஒலி பிரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பாடகரின் மைக்குக்குள் மிருதங்கம் பாதி விழுந்தால், குரல் டிராக்கில் மிருதங்கமும் இருக்கும். குரலை உயர்த்தினால் அதுவும் உயரும். பிரிவினை மைக் வைக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

வாத்தியத்துக்கு நெருக்கமாக மைக் வையுங்கள். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகை மைக்கின் முதுகு, வேண்டாத வாத்தியத்தை நோக்கி இருக்கட்டும். ஒலிப்பதிவாளர்கள் சொல்லும் ஒரு கணக்கு உதவும்: ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஓர் அடி தள்ளி இருந்தால், அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகிறது. ஒரே மிருதங்க ஒலி அருகிலுள்ள மைக்குக்கு உடனேயும் தூரத்து மைக்குக்குச் சற்றுத் தாமதமாகவும் போய்ச் சேர்ந்து, பிறகு இரண்டும் கலக்கும்போது, சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒலி மெலிந்து தகரம்போல் கேட்கும். இதை ஃபேஸ் சிக்கல் என்பார்கள். தூரத்து மைக்கில் விழும் ஒலி போதிய அளவு சன்னமாக இருந்தால் இந்த அடிதடி நமக்குக் கேட்காது.

மிருதங்கத்துக்கு ஒரே மைக் இருந்தால், வாசிப்பவருக்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளி, வலந்தலைப் பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கலாம். இரண்டு மைக் இருந்தால் மிருதங்கத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. இடப்பக்கத் தொப்பியின் கும்கி ஒலியும் வலந்தலையின் சாப்பு ஒலியும் தனித்தனியாகக் கிடைக்கும். இறுதியில் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் சேர்க்கலாம். ஆனால் இரண்டு மைக்கும் எதிரெதிர்த் திசையிலிருந்து ஒரே வாத்தியத்தைப் பார்ப்பதால், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பியின் கனம் குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால், ஒன்றில் ஃபேஸ் மாற்றும் பொத்தானை அழுத்தினால் போன கனம் திரும்பி வரும்.

கர்நாடக முறையில் வயலின்காரர் தரையில் அமர்ந்து, வயலினின் சுருள் முனையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், வயலின் கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அதன் மேற்பலகைக்கு நேராக, ஒன்றரை அடி உயரத்திலிருந்து மைக் பார்க்கட்டும். மிக அருகில் வைத்தால் வில் கீறும் ஓசை இசையை மிஞ்சும். வீணை மெல்லிய வாத்தியம்; குடத்துக்கு அருகில், ஓரடிக்குள் வைக்க வேண்டும். அதனால் அறையின் சிறு சத்தமும் சேர்ந்தே விழும். வீணையில் பிக்கப் (அதிர்வை நேரடியாக மின்குறிப்பாக மாற்றும் சிறு கருவி) பொருத்தியிருந்தால் அதை ஒரு டிராக்கிலும் மைக்கை இன்னொரு டிராக்கிலும் பதிந்து, பிறகு கலந்துகொள்வது என் வழக்கம். பிக்கப்பை இணைக்கும்போது, கருவியில் கிட்டாருக்கென்று குறித்த உள்ளீட்டைப் பயன்படுத்துங்கள். மற்றதில் ஒலி வறண்டு வரும்.

மைக்கில் இரண்டு வகை. டைனமிக் மைக் உறுதியானது, மின்சாரம் கேட்காது, தாளவாத்தியத்துக்கும் உரத்த குரலுக்கும் ஏற்றது. கண்டென்சர் மைக் நுட்பமானது. கேபிள் வழியாக 48 வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். கருவியில் ஃபாண்டம் என்று எழுதிய விசை அதற்குத்தான். எல்லா உள்ளீட்டிலும் அது கிடைக்காது, வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைச் செருகிய பிறகு விசையைப் போடுங்கள். எடுப்பதற்கு முன் அணைத்துவிடுங்கள்.

அறையைப் பற்றி ஒரு சொல். வெறும் சுவரும் மொசைக் தரையும் உள்ள அறையில் எந்த விலை உயர்ந்த மைக்கும் கிணற்றுக்குள் பேசியதுபோல்தான் தரும். ஜமக்காளம் விரியுங்கள், பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து வையுங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்தால்கூட எதிரொலி அடங்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், குளிர்பதனப் பெட்டியின் அறைக்கதவைச் சாத்த வேண்டும். எங்கள் தெருவில் இரவு பத்துக்கு மேல்தான் பதிவு. மின்விசிறி இல்லாத வெக்கையில் மிருதங்கத்தின் சுருதியும் நகரும் என்பதால், இரண்டு டேக்குக்கு ஒருமுறை நிறுத்தி, தம்புரா டிராக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்கிறோம்.

அளவு

பதிவதற்கு முன் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் கெயின் என்ற திருகால் அளவு வைக்க வேண்டும். டிஜிட்டல் அளவுகோலில் 0 டெசிபல் என்பது உச்சி. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அதைத் தாண்டும் ஒலி, தலை வெட்டிய பனைபோல் மொட்டையாகப் பதியும்; எந்த மந்திரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பழைய நாடாவில் சற்று மிஞ்சினால் ஒலி இதமாகக் கனத்தது. இங்கே அந்தச் சலுகை இல்லை.

ஆகவே கலைஞரிடம் “கொஞ்சம் வாசியுங்கள்” என்று கேட்காதீர்கள். “தனியாவர்த்தனத்தின் கடைசி மோராவை வாசியுங்கள்” என்று கேளுங்கள். அவர் முழு வேகத்தில் வாசிக்கும்போது முள் உச்சிக்குக் கீழே 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். குறைவாகப் பதிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். குறுந்தகட்டின் 16 பிட் முறையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறக்குறைய 96 டெசிபல் இடம் இருக்கிறது. 24 பிட்டில் கணக்குப்படி அது 144 டெசிபல். இவ்வளவு பெரிய பாத்திரத்தில் கழுத்துவரை ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கருவியில் 24 பிட் வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்பதற்கு, காணொளியோடு சேர்க்கப்போவதென்றால் 48 கிலோஹெர்ட்ஸ். பாட்டு மட்டும் என்றால் 44.1 போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் எடுக்கும். எட்டு டிராக் ஒரு மணி நேரம் ஓடினால் 4 ஜிகாபைட்டைத் தாண்டும்.

ஹெட்ஃபோன் காதை முழுதும் மூடுவதாக இருக்க வேண்டும். திறந்த வகை என்றால் டிக் ஒலி வெளியே கசிந்து, பாடகரின் மெல்லிய கார்வையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அனுபல்லவியின் அமைதியான இடத்தில் டிக் டிக் என்று கேட்டபிறகு அதை நீக்க வழியில்லை.

ஒரு சங்கதி மட்டும் தவறினால்

சரணத்தில் ஒரு சொல் பிசகிவிட்டது, மற்ற எல்லாம் அருமை என்றால், முழுவதையும் திரும்பப் பாட வேண்டாம். பஞ்ச் இன் என்ற வசதி இருக்கிறது. தவறிய இடத்துக்குச் சில நொடி முன்பிருந்து ஓடவிட்டு, பாடகர் கூடவே பாடிவர, குறித்த இடத்தில் மட்டும் கருவி பதியத் தொடங்கி, குறித்த இடத்தில் நிறுத்தும். தொடக்கத்தையும் முடிவையும் மூச்செடுக்கும் இடத்தில் வையுங்கள். கமகத்தின் நடுவில் வெட்டினால் ஒட்டு தெரியும்.

எட்டு டிராக்கும் நிறைந்துவிட்டால், நான்கை ஒன்றிரண்டாகக் கலந்து மற்றவற்றை விடுவிக்கலாம். இதை பவுன்ஸ் என்பார்கள். நாடாக் காலத்தில் ஒவ்வொரு முறைக்கும் இரைச்சல் கூடியது. டிஜிட்டலில் அந்தக் குறை இல்லை. ஆனாலும் கலந்தது கலந்ததுதான், சேலை மறுபடி நெய்யப்பட்டுவிட்டது. மூல டிராக்குகளின் நகலை எடுத்து வைத்த பிறகே பவுன்ஸ் செய்யுங்கள்.

கலவை

எல்லாம் பதிந்து முடித்துக் கலக்க உட்காரும்போது, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடரையும் கீழே இறக்கிவிட்டுக் குரலை மட்டும் உயர்த்துங்கள். அதற்கு ஏற்றபடி மிருதங்கம், பிறகு வயலின், பிறகு கடம். எதையாவது உயர்த்தத் தோன்றினால், முதலில் மற்றதைக் குறைத்துப் பாருங்கள்.

பேன் என்ற திருகு ஒலியை இடது வலதாக நகர்த்தும். இதற்கு நம் மேடையே இலக்கணம் தருகிறது. கேட்பவரின் பார்வையில் பொதுவாக மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், குரல் நடுவில். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு அது. பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்ற இடக்கைக் கலைஞர் வாசிக்கும்போது இருவரும் இடம் மாறி அமர்ந்தார்கள். பதிவிலும் அப்படியே மிருதங்கத்தைச் சற்று இடப்புறமும் வயலினைச் சற்று வலப்புறமும் வைத்தால் கேட்பவரின் காது பழகிய சபாவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சற்று என்பதை வலியுறுத்துகிறேன். முழுதாக ஒரு பக்கம் தள்ளினால் ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு ஒரு காது அடைத்ததுபோல் இருக்கும்.

குரலிலும் வயலினிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை, அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் வெட்டிவிடலாம். அங்கே இசை இல்லை. தெருவில் போகும் லாரியும் 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலும்தான் இருக்கும். கூடத்தின் எதிரொலியைச் சேர்க்கும் ரிவெர்பை ஒவ்வொரு டிராக்குக்கும் வெவ்வேறாகப் போடாமல், ஒரே ரிவெர்புக்கு எல்லா டிராக்கையும் சிறிது சிறிது அனுப்புங்கள். வேறு வேறு நாளில் பதிந்தவர்கள் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பதுபோல் ஆவது இதனால்தான். அதிகம் வேண்டாம், சாகித்தியத்தின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்க வேண்டும்.

அன்றிரவே கார்டிலிருந்து கணினிக்கு நகல் எடுங்கள். டிராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுக்கும்போது, ஒவ்வொன்றும் பூஜ்யம் நொடியிலிருந்தே தொடங்கட்டும், தொடக்கத்தில் வெறும் நிசப்தம் இருந்தாலும் சரி. அப்போதுதான் வேறு எந்தக் கருவியில் போட்டாலும் ஒன்றோடொன்று பொருந்தும். டொரொண்டோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்குத் தம்புராவும் எண்ணிக்கையும் குரலும் அடங்கிய மூன்று கோப்புகளை அனுப்பினேன். அவர் அங்கே தன் வீட்டில் கடம் வாசித்துத் திருப்பி அனுப்பிய கோப்பை எட்டாவது டிராக்கில் போட்டு ஓடவிட்டபோது, முதல் சமத்திலேயே சரியாக வந்து விழுந்தது. எண்ணிக்கை இருக்கும் அந்த இரண்டாவது டிராக்கை மட்டும், பாட்டு வெளியான பிறகும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.